பழைய கார் எஞ்சினின் கேம்ஷாஃப்ட்: தேய்மானம், மறுகிரைண்டிங், புது வடிவம்

பெட்ரோல் எஞ்சினில் வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயரம் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற மூன்றையும் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அதன் மீது முட்டை வடிவில் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கேமும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கிறது. கார்பரேட்டர், இக்னிஷன், பிஸ்டன் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தாலும் கேம் தேய்ந்திருந்தால் எஞ்சின் மூச்சு விடத் திணறும். ஐம்பது, அறுபது ஆண்டு ஓடிய கார்களில் இந்தத் தேய்மானம் சாதாரணம். அப்படிப்பட்ட பல எஞ்சின்களுக்குப் புது கேம்ஷாஃப்ட் கடையில் கிடைக்காது. பழையதையே மறுபடி கிரைண்ட் செய்வதும், தேவைக்கேற்ற வடிவில் புதிதாகச் செய்து வாங்குவதும்தான் வழி.

கேமின் உடற்கூறு

ஒரு கேமின் பெரும்பகுதி சாதாரண வட்டம்தான். இதை அடிவட்டம் என்று கொள்ளலாம். கேமின் மீது உட்கார்ந்து அதன் தள்ளலை வால்வின் பக்கம் கடத்தும் துண்டு டாப்பெட்; அது அடிவட்டத்தின் மீது இருக்கும்வரை வால்வு மூடியிருக்கும். அடிவட்டத்திலிருந்து மெதுவாக ஏறும் சிறிய சரிவு, பிறகு வேகமாக ஏறும் பக்கவாட்டு, உச்சியில் மூக்கு, மறுபுறம் அதே வரிசையில் இறக்கம் என்று வடிவம் முழுமையாகிறது. கேமின் மொத்த உயரத்திலிருந்து அடிவட்டத்தின் விட்டத்தைக் கழித்தால் கிடைப்பது லிஃப்ட், அதாவது டாப்பெட் உயரும் அளவு. கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே இருக்கும் எஞ்சின்களில் இந்த உயர்வு புஷ்ராடு வழியாக ராக்கர் ஆர்முக்குப் போகிறது. ராக்கரின் இரு கைகளும் ஒரே நீளமல்ல என்பதால் வால்வு அதைவிடக் கூடுதலாகத் திறக்கும். 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்து, பிறகு மோரிஸ் மைனரிலும் மினியிலும் ஓடிய பிஎம்சி ஏ-சீரிஸ் எஞ்சினில் இந்த விகிதம் சுமார் 1.25.

வால்வு திறந்திருக்கும் கால அளவை கிராங்க்ஷாஃப்ட் சுற்றும் பாகைகளில் சொல்வது வழக்கம். 1959-ல் வந்த 848 சிசி மினியின் இன்லெட் வால்வு, பிஸ்டன் மேல்முனையை அடைய 5 பாகை இருக்கும்போதே திறக்கத் தொடங்கி, கீழ்முனையைத் தாண்டி 45 பாகை ஆனபின் மூடுகிறது. 5, 180, 45 மூன்றையும் கூட்டினால் 230 பாகை. எக்ஸாஸ்ட் வால்வு மேல்முனையைத் தாண்டி 10 பாகை வரை திறந்திருக்கும். எனவே 15 பாகை அளவுக்கு இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. இதற்கு ஓவர்லாப் என்று பெயர். எஞ்சின் அமைதியாக ஐட்லிங்கில் நிற்குமா, தடதடக்குமா என்பது பெருமளவு இந்த எண்ணைப் பொறுத்தது.

ஏன் தேய்கிறது

தட்டையான டாப்பெட்டும் கேமும் ஒன்றையொன்று தொடும் இடம் மயிரிழை போன்ற ஒரு கோடு. வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையும் அந்தக் கோட்டின் மீது இறங்குகிறது. எஞ்சினுக்குள் இவ்வளவு கடுமையான உராய்வு அழுத்தம் வேறு இடங்களில் அபூர்வம். இந்தத் தேய்மானத்தைத் தாமதப்படுத்த வடிவமைப்பாளர்கள் ஒரு நுட்பம் கையாண்டார்கள். டாப்பெட்டின் அடிப்பரப்பு பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமின் முகமும் ஒரு பக்கம் நூறில் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சரிந்திருக்கும். இதனால் தொடுமிடம் நடுவிலிருந்து சற்று விலகி, கேம் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் டாப்பெட் தன்னைத்தானே கொஞ்சம் சுழற்றிக்கொள்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. டாப்பெட் சுழல்வது நின்றுவிட்டால் அதன் அடியில் குழி விழும். குழி விழுந்த டாப்பெட் கேமின் மூக்கைச் சீவத் தொடங்கும். அதன் பிறகு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கேம் மொட்டையாகிவிடும்.

வேகமாக ஓட்டுவதால்தான் கேம் தேய்கிறது என்பது பொதுவான எண்ணம். மூக்குப் பகுதியைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. அதிக வேகத்தில் வால்வு, புஷ்ராடு ஆகியவற்றின் நிலைமம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியை மூக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. எண்ணெயும் நன்றாகத் தெறிக்கிறது. ஐட்லிங்கில் ஸ்பிரிங்கின் முழு பாரமும் மூக்கில் இறங்க, எண்ணெய்ப் படலமும் மெலிந்திருக்கும். புதிதாக கிரைண்ட் செய்த கேமை முதல்முறை ஓட்டும்போது ஐட்லிங்கில் விடக் கூடாது என்ற கட்டாய விதி இதிலிருந்து பிறந்தது.

தேய்மானத்தைக் கண்டறிதல்

எவ்வளவு சரிசெய்தாலும் மறுபடி வரும் டாப்பெட் சத்தம், மேடு ஏறும்போது இழுவை குறைவது, கார்பரேட்டர் வழியாகப் புகை திருப்பி அடிப்பது ஆகியவை கேம் தேய்ந்ததன் அறிகுறிகள். உறுதி செய்துகொள்ள எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. வால்வு கவரைக் கழற்றி, டயல் கேஜை வால்வு ஸ்பிரிங்கின் தொப்பி மீது நிறுத்தி, ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளியான கிளியரன்ஸை முற்றிலும் எடுத்துவிட்டு, கிராங்க்ஷாஃப்டைக் கையால் சுற்றினால் போதும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் எட்டு வால்வுகளின் உயர்வையும் குறித்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். நான்கு இன்லெட்டும் ஒரே அளவில், நான்கு எக்ஸாஸ்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் குறைந்தால் அந்தக் கேம் போய்விட்டது என்று பொருள்.

கழற்றிய ஷாஃப்டில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. இரண்டு வி-பிளாக்குகள் மீது வைத்துச் சுற்றி, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்து வளைவு பார்க்கப்படுகிறது. வளைந்திருந்தால் பிரஸ்ஸில் நிமிர்த்த வேண்டும். ஆயில் பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஓட்டும் பல்சக்கரம் பெரும்பாலான பழைய ஷாஃப்டுகளில் ஷாஃப்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அதன் பற்கள் தேய்ந்திருந்தால் கேமை மட்டும் கிரைண்ட் செய்து பயனில்லை.

மறுகிரைண்டிங்கின் கணக்கு

தேய்ந்த மூக்குக்கு மீண்டும் எப்படி உயரம் வருகிறது? உலோகம் எதையும் சேர்ப்பதில்லை, குறைப்பதுதான் வழி. அடிவட்டம் 28 மில்லிமீட்டர், மொத்த உயரம் 34 மில்லிமீட்டர் கொண்ட ஒரு கேமை உதாரணமாகக் கொள்வோம். லிஃப்ட் 6 மில்லிமீட்டர். ஷாஃப்டின் மையத்திலிருந்து அடிவட்டம் 14 மில்லிமீட்டர் தூரத்திலும் மூக்கு 20 மில்லிமீட்டர் தூரத்திலும் இருக்கின்றன. மூக்கு 0.3 மில்லிமீட்டர் தேய்ந்து 19.7 ஆகிவிட்டது. கேமின் முழு விளிம்பையும் உள்நோக்கி 0.35 மில்லிமீட்டர் நகர்த்தி கிரைண்ட் செய்தால் மூக்கு 19.65-க்கும் அடிவட்டம் 13.65-க்கும் வரும். வித்தியாசம் மறுபடியும் 6. கேம் மொத்தத்தில் சிறியதாகிவிட்டது. லிஃப்ட் பழையபடி வந்துவிட்டது. கூடுதல் லிஃப்ட் வேண்டுமென்றாலும் இதே முறைதான். அடிவட்டத்தை 13.15 வரை இறக்கினால் லிஃப்ட் 6.5 ஆகும்.

அடிவட்டம் சிறுத்ததால் டாப்பெட் முன்பைவிடக் கீழே உட்காரும். அந்த இடைவெளியை ஏதாவது ஒன்று நிரப்ப வேண்டும். ராக்கரில் அட்ஜஸ்டிங் ஸ்குரூ உள்ள அம்பாசடர், மோரிஸ் மைனர் போன்ற எஞ்சின்களில் ஸ்குரூவை இறக்கினால் வேலை முடிந்தது. தலைக்கு மேல் இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில் டாப்பெட்டுக்கு அடியில் தடித்த ஷிம் போட வேண்டும். கிடைக்கும் ஷிம்களின் தடிமனுக்கு எல்லை உண்டு. ஆகவே எத்தனை முறை கிரைண்ட் செய்யலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 1932-ல் வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சின் இன்னும் சிக்கலானது. அதன் டாப்பெட்டில் ஸ்குரூவே கிடையாது. வால்வின் தண்டு நுனியைத் தேய்த்துத்தான் தொழிற்சாலையில் கிளியரன்ஸ் வைத்தார்கள். தேய்த்தால் இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. அதனால் கிரைண்ட் செய்த கேம் போடுகிறவர்கள் ஸ்குரூ வைத்த தனி டாப்பெட்டுகளும் வாங்க வேண்டியதாயிற்று.

இன்னொரு எல்லை உலோகத்தின் கடினம். சில்டு வார்ப்பிரும்பு கேமில், வார்க்கும்போதே அச்சிலுள்ள உலோகத் துண்டுகள் மூக்கைச் சட்டென்று குளிர்விப்பதால் கடினம் பல மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். இவை மறுகிரைண்டிங்கைத் தாங்கும். கேஸ் ஹார்டனிங் செய்த எஃகு கேமில் கடினமான தோல் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டிவிட்டால் அடியில் இருப்பது மென்மையான எஃகு. மறுபடி கடினப்படுத்தாமல் ஓட்டினால் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும். மிக அரிய எஞ்சின்களில் மட்டும் மூக்கில் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றி, பிறகு கிரைண்ட் செய்கிறார்கள். வெப்பத்தால் ஷாஃப்ட் வளைவதும் நுண்ணிய விரிசல் விழுவதும் இதிலுள்ள ஆபத்துகள்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது

பழைய கேம் கிரைண்டிங் மெஷினில் ஷாஃப்டின் ஒரு முனையில் மாஸ்டர் கேம் பூட்டப்படும். மாஸ்டர் ஒரு ரோலர் மீது உருள, ஷாஃப்டைத் தாங்கும் தொட்டில் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்துக்கேற்ப கிரைண்டிங் கல் கேமின் விளிம்பை வெட்டும். வேண்டிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாஸ்டர் தேவை. நல்ல பட்டறையின் உண்மையான சொத்து அதன் மாஸ்டர்கள்தான்.

இந்த முறையில் வெளியில் தெரியாத ஒரு பிழை உண்டு. ஒவ்வொரு மாஸ்டரும் ஒரு குறிப்பிட்ட விட்டமுள்ள கல்லுக்காகச் செய்யப்பட்டது. கல்லைத் தீட்டத் தீட்ட அதன் விட்டம் குறையும். அப்போது மூக்கும் அடிவட்டமும் சரியாகவே வரும்; இடைப்பட்ட பக்கவாட்டின் வடிவம் மட்டும் கொஞ்சம் மாறிவிடும். லிஃப்டை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. அதனால் கவனமான பட்டறைகள் கல்லைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தேய விடுவதில்லை. இன்றைய சிஎன்சி மெஷினில் மாஸ்டர் தேவையில்லை. கல்லின் அப்போதைய விட்டத்தைக் கணக்கிட்டு மெஷினே பாதையைத் திருத்திக்கொள்கிறது. பழைய ஷாஃப்டில் தேயாத ஒரு கேமை ஒவ்வொரு பாகையாக அளந்து, அந்த எண்களைக் கொண்டே மற்றவற்றை கிரைண்ட் செய்யலாம். வரைபடம் தொலைந்துபோன எஞ்சின்களுக்கு இது பெரிய உதவி.

கிரைண்டிங் முடிந்ததும் மேற்பரப்பில் மாங்கனீசு பாஸ்பேட் பூச்சு ஏற்றுவது வழக்கம். கரிய நிறத்திலான இந்தப் பூச்சு நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்துவைத்து, முதல் சில நிமிடங்களில் கேமைக் காப்பாற்றுகிறது.

வடிவத்தை மாற்றும் கலை

கேமை வேறு வடிவில் கிரைண்ட் செய்து அதிகச் சக்தி எடுக்கும் பழக்கம் கலிபோர்னியாவில் பெரிதாக வளர்ந்தது. 1920-களிலிருந்தே எட் வின்ஃபீல்டு பந்தயக் கார்களுக்குக் கேம் கிரைண்ட் செய்து வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எட் இஸ்கெண்டேரியன் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தத் தொழிலில் இறங்கினார். தன் காருக்கான கேமுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததால், சாதாரண உருளை கிரைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கித் தானே மாற்றியமைத்துக்கொண்டார். ஃபிளாட்ஹெட் வி-8 எஞ்சின்களுக்கு அந்தக் காலப் பட்டறைகள் ஹாஃப் ரேஸ், த்ரீ-குவார்ட்டர் ரேஸ், ஃபுல் ரேஸ் என்று கேம்களைத் தரம் பிரித்து விற்றன.

வடிவத்தை மாற்றுவதில் இயற்பியல் போட்ட எல்லை ஒன்று உண்டு. தட்டையான டாப்பெட்டில் கேம் தொடும் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது, டாப்பெட் அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்குச் சரிசமம். ஏ-சீரிஸ் டாப்பெட்டின் விட்டம் 20.6 மில்லிமீட்டர், பாதி 10.3. கணக்குப் போட்டால், கேம் ஒரு பாகை சுற்றும்போது டாப்பெட் 0.18 மில்லிமீட்டருக்கு மேல் ஏற முடியாது. மீறினால் கேம் டாப்பெட்டின் ஓரத்தில் பிடித்துச் சீவிவிடும். அதனால் கூடுதல் லிஃப்ட் வேண்டுமென்றால் வால்வு திறந்திருக்கும் காலத்தையும் சேர்த்து நீட்டத்தான் வேண்டும்.

காலத்தை நீட்டுவதன் விலை ஐட்லிங்கில் தெரியும். எம்ஜிபி காரின் கேம் இன்லெட்டை 252 பாகை திறந்து வைக்கிறது; சாலையில் இனிமையாக ஓடுகிறது. ஏ-சீரிஸுக்கு பிஎம்சி தந்த '649' என்ற பந்தயக் கேமில் இன்லெட் 300 பாகை திறந்திருக்கும், ஓவர்லாப் 95 பாகை. குறைந்த வேகத்தில், தாமதமாக மூடும் இன்லெட் வழியாக உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். கம்ப்ரஷன் இறங்கும், ஐட்லிங் குதிக்கும், கியர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருக்கும். எஞ்சின் வேகம் ஏறிய பிறகுதான் அந்தக் கேமின் பலன் கிடைக்கும். கம்ப்ரஷன் விகிதம், கார்பரேட்டர், எக்ஸாஸ்ட் ஆகியவற்றை மாற்றாமல் இப்படிப்பட்ட கேமை மட்டும் போட்டால் கார் முன்பைவிட மோசமாகத்தான் ஓடும்.

1920, 30-களின் பல கேம்களில் பக்கவாட்டு, மூக்கு எல்லாம் எளிய வட்ட வளைவுகளால் ஆனவை. ஒரு வளைவு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் முடுக்கம் திடீரென மாறுவதால் வால்வு அதிர்ந்து துள்ளும். இன்றைய கணக்கில் அந்த மாற்றங்களைச் சீராக்கி, அதே லிஃப்டும் அதே கால அளவும் கொண்ட கேமை அமைக்க முடியும். தோற்றத்திலும் சத்தத்திலும் பழைய எஞ்சின் அப்படியே இருக்க, வால்வும் ஸ்பிரிங்கும் நீண்ட நாள் உழைக்கும். தனியாகச் செய்யும் கேமின் மிகச் சிறந்த பயன் இதுதான்.

பழைய ஷாஃப்ட் கிரைண்டிங்குக்கே தாங்காது என்றால் எஃகுக் கட்டையிலிருந்து முழு ஷாஃப்டையும் கடைந்தெடுக்கலாம். செலவு பல மடங்கு ஆகும். எஃகு ஷாஃப்டின் பல்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய பல்சக்கரத்தைத் தின்றுவிடக் கூடும். அதனால் சில எஞ்சின்களில் வெண்கலப் பல்சக்கரம் மாற்றிப் பொருத்துகிறார்கள்.

பொருத்துவதும் முதல் இருபது நிமிடமும்

கிரைண்ட் செய்த கேமில் பழைய டாப்பெட்டைப் போடவே கூடாது. பழைய டாப்பெட் பழைய கேமின் தேய்மானத்துக்குப் பழகியது, சுழலாது. புது டாப்பெட் கிடைக்காவிட்டால் பழையதன் அடிப்பரப்பை உரிய குவிவோடு கிரைண்ட் செய்து பொருத்த வேண்டும்.

அடுத்தது டைமிங். சங்கிலிச் சக்கரத்தின் புள்ளிகளை நேராக வைத்தால் மட்டும் போதாது. கிராங்க்ஷாஃப்டில் பாகை வட்டு பூட்டி, இன்லெட் கேமின் உச்சம் எந்தப் பாகையில் வருகிறது என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மினி கேமின் 230 பாகையில் பாதி 115. அதில் முன்னதாகத் திறக்கும் 5 போக 110. மேல்முனைக்கு 110 பாகை பின்னால் உச்சம் வர வேண்டும். இல்லையென்றால் ஆஃப்செட் கீ போட்டுச் சரிசெய்யலாம்.

லிஃப்ட் கூடியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்ப்பதும் அவசியம். பிஸ்டன் தலையில் விளையாட்டுக் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மூடி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிறகு திறந்தால் வால்வின் அச்சு களிமண்ணில் பதிந்திருக்கும். மிக மெல்லிய இடத்தை வெட்டி அளந்தால் இன்லெட் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர் இருப்பது பாதுகாப்பு. ஸ்பிரிங்கின் சுருள்கள் முழுத் திறப்பில் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கேம்களிலும் டாப்பெட்டுகளிலும் அசெம்பிளி பேஸ்ட் தாராளமாகத் தடவி, ஆயில், தண்ணீர், பெட்ரோல், இக்னிஷன் டைமிங் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபார்த்து வைக்க வேண்டும். எஞ்சின் உயிர் பெற்றதும் உடனே 2000 முதல் 2500 சுற்று வேகத்துக்கு ஏற்றி, சுமார் இருபது நிமிடம் அந்த வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

ஆயில் தேர்விலும் கவனம் தேவை. தட்டையான டாப்பெட்டைக் காப்பது ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம். அது புகைபோக்கியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து மெல்லிய வகை ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வந்தது. கன்வெர்ட்டர் இல்லாத பழைய கார்களுக்கு, இந்தச் சேர்மம் கூடுதலாக உள்ள கிளாசிக் கார் ஆயில்தான் ஏற்றது.

எதைத் தேர்வு செய்வது

இந்தியச் சாலைகளில் மிஞ்சியிருக்கும் பழைய கார்களில் பெரும்பாலானவை புஷ்ராடு எஞ்சின் கொண்டவை. அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி எஞ்சின், பிரீமியர் பத்மினியின் 1089 சிசி ஃபியட் எஞ்சின், 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி எஞ்சின் மூன்றிலும் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளேயே இருக்கிறது. ராக்கரில் அட்ஜஸ்டிங் ஸ்குரூவும் உண்டு. மறுகிரைண்டிங்குக்கு வசதியான எஞ்சின்கள் இவை. சட்டப்படியும் யோசிக்க ஒன்று உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த காரை வின்டேஜ் என்று தனி வரிசையில் பதிவு செய்ய வழி தந்தது. கார் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

பந்தயத்துக்குப் போகாத காருக்கு, தொழிற்சாலை கொடுத்த லிஃப்டையும் கால அளவையும் திருப்பிக் கொண்டுவரும் கிரைண்டிங்தான் சிறந்தது. பட்டறையில் ஷாஃப்டைக் கொடுக்கும்போது, கிரைண்ட் செய்த பிறகு ஒவ்வொரு கேமின் லிஃப்ட், அடிவட்டம், கடினம் மூன்றையும் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைத் தராத பட்டறையிடம், மாற்றுக் கிடைக்காத ஷாஃப்டை ஒப்படைக்காதீர்கள்.